நாற்பத்தேழாம் அட்டை

எனக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். பெரிய காஞ்சிபுரத்தில் நாங்கள் இருந்த தெருவில் வீட்டுக்கு ஒரு தறி. அத்தனை தறிச் சத்தத்தையும் தாண்டி ஒரு குரல் கேட்டால் அது யாருடையது என்று ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். "ஆரம்பிச்சிடுச்சிபா" என்பார்கள், அவ்வளவுதான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி மூன்று வருடம். என் கணவர் எனக்கு நேர் எதிர். வீடு இடிந்து விழுந்தால்கூட, "இரு, இந்த இழையை முடிஞ்சிட்டு வரேன்" என்று சொல்லக்கூடிய மனிதர்.

எனக்கு நானே புத்தி சொல்லிக்கொள்ளும் பழக்கம் அந்தக் கோபத்தில்தான் பிறந்தது. ஒரு நாள் தெருக்குழாயடியில் ஒருத்தியோடு குடத்துக்காக ஒரு சண்டை. நான் சொன்னதெல்லாம் நியாயம். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே! வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கையில் ஒரு அட்டைத் துண்டு கிடைத்தது. எடுத்து எழுதினேன்: "வாயைத் திறக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடி." அதை அடுப்படிக்கும் தறிக்கும் நடுவில் இருந்த சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன்.

அட்டை எங்கள் வீட்டில் எப்போதும் கிடக்கும். சேலையின் கரையில் மயிலோ மாங்காயோ வர வேண்டுமானால், முதலில் கட்டம் போட்ட தாளில் அதை வரைய வேண்டும். தாளில் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அட்டை. எங்கே சரிகை தெரிய வேண்டுமோ அங்கே அட்டையில் ஓட்டை குத்த வேண்டும். பிறகு அட்டைகளையெல்லாம் வரிசையாக நூலால் கோத்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டிவிட்டால், ஒவ்வொரு மிதிக்கும் ஓர் அட்டை திரும்பும், அதில் உள்ளபடி இழைகள் மேலே எழும். ஓர் அட்டை பிசகினாலும் கரையில் ஒரு வரி பிசகும். கைத்தறிப் பயிற்சி வகுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்து நான் இதைக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் ஒரே பெண் நான்தான். முதல் வாரம் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் என் தாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு அட்டை இரண்டாச்சு, இரண்டு ஐந்தாச்சு. "முடியாது என்பதைச் சாப்பிட்ட பிறகு சொல்" என்று ஒன்று. பசியில் நான் எடுத்த முடிவுகளை எல்லாம் அடுக்கினால் ஒரு அலமாரி வேண்டும். "அடுத்தவர் வேலையில் நல்லது இருந்தால் உடனே சொல், இல்லாவிட்டால் பொய் சொல்லாதே" என்று ஒன்று. "இன்று கற்றதை இன்றே செய்து பார்" என்று ஒன்று. ஐந்தாவதுக்கு வருகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கு பேசுகிற நெசவாளர் வீட்டுப் பெண். மத்தியானம் பாத்திரம் காய்ந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். படிக்கத் தெரியாது. ஒவ்வொரு அட்டையையும் என்னைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

"எல்லாரும் ஊருக்கு உபதேசம் பண்ணுவாங்க. நீ இன்னாடான்னா செவுத்துக்குப் பண்ணிக்கினு இருக்கிறே!"

"செவுரு கேக்குதுக்கா. நீதான் கேக்க மாட்டேன்ற."

"சாலு சாலு, போதும்மா தாயே!"

என் கணவர் மட்டும் அட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார். படித்தாரா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. அது எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

அந்த வருடம் நெசவாளர் சங்கத்தில் அட்டை குத்துகிற அறையில் ஓர் இடம் காலியானது. மேஜை, நாற்காலி, குத்துகிற இயந்திரம், ஜன்னலோரம்! எனக்குத் தூக்கம் போய்விட்டது. நேரே போய்ச் செயலாளரைக் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"பொம்பளைங்க யாரும் இந்த ரூம்ல உக்காந்தது இல்லியேம்மா."

"நாற்காலிக்கு அது தெரியுமாங்க?" என்றேன். தண்ணீர் குடிக்காமல் சொன்னது அது.

நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார். "சரி. சங்கத்துல இருந்து பட்டு, சரிகை வாங்கிக்கோ. நீயே வரைஞ்சி, நீயே அட்டை குத்தி, ஒரு கல்யாணச் சேலை நெய்ஞ்சி எடுத்துக்கினு வா. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி புது டிசைன் பாக்கறோம். கரையில கொறை இருக்கக் கூடாது. இருந்தா அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

நான் நடந்து வீட்டுக்கு வரவில்லை, பறந்து வந்தேன். ஒரே ஒரு சேலை. அது சரியாக வந்தால் அந்த ஜன்னலோரம் என்னுடையது. இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டு, மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியதுதான்.

என்ன வரைவது? மயில் வேண்டாம், அன்னம் வேண்டாம். அவற்றை எல்லோரும் வரைகிறார்கள். நான் பிறந்தது தென்னேரியில். அங்கே ஏரியைப் பார்த்தபடிதான் வளர்ந்தேன். மழை பெய்து ஏரி நிறைந்த காலையில் கரையோரம் நாரைகள் வரிசையாக நிற்கும் பாருங்கள், அடேயப்பா! ஒன்றின் பின்னால் ஒன்று, கழுத்தை நீட்டிக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல். அதைத்தான் வரைந்தேன். கீழே அலை, மேலே நாரை வரிசை. ஒரு நாரைக்குத் தொண்ணூற்றாறு அட்டை.

அக்கா தாளைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். "ராமா ராமா! கல்யாணச் சேலையில யாராச்சும் கொக்கு போடுவாங்களா?"

"கொக்கு இல்லக்கா, நாரை."

"ரெண்டும் மீன் திங்கறதுதானே!"

என் கணவர் தாளை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கழுத்து நல்லா வந்திருக்குது" என்றார். அவ்வளவுதான். அது போதும் எனக்கு, இரண்டு நாள் ஓடும்.

எட்டு நாள் அட்டை குத்தினேன். விரல் வீங்கிப் போச்சு. ஆனால் அந்த எட்டு நாளும் நான் பாடாத பாட்டு இல்லை. நாற்பத்தேழாவது அட்டையில் மட்டும் கை சறுக்கியது. நாரையின் கழுத்து வருகிற வரிசை அது. கழுத்துக்குக் குத்த வேண்டிய ஓட்டைகளைக் குத்தாமல் விட்டுவிட்டேன். உடனே கண்டுபிடித்தும் விட்டேன். புதிதாக ஒரு நாற்பத்தேழு குத்தி வைத்துக்கொண்டு, தப்பான அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்: "முடித்துவிட்டாயா? இன்னொரு தரம் பார்." அதுதான் ஐந்தாவது அட்டை. முன்பக்கத்தில் 47 என்று போட்டிருந்ததை அடிக்கத் தோன்றவில்லை. எண் சுவர்ப் பக்கம் இருக்க, எழுத்து என்னைப் பார்க்க, ஆணியில் மாட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு தறியும் ஓடாது. தறிக்குழியைக் கழுவி, ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடா, கத்தரி, படிக்கல், எண்ணெய்க் கிண்ணம் வரைக்கும் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிடுவோம். படைத்ததை மறுநாள் விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். பூஜைக்கு அடுக்குவது என் கணவர் வேலை. என் தொண்ணூற்றாறு அட்டைகளையும் அழகாக அடுக்கிக் குங்குமம் வைத்திருந்தார். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரப் புகையில் வேறு எதையும் நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை நல்ல நேரம் முடிய அரை மணிதான் இருந்தது. எனக்கோ கை பரபரக்கிறது. பூஜையில் இருந்த அட்டைகளை எடுத்து எண் பார்த்து அடுக்கினேன். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு, மடமடவென்று வந்தது. கோத்தேன். அவர் பெட்டியில் ஏற்றினார். மிச்சம் கிடந்த சில அட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் சுவர்ப் பக்கம் போனது ஓரக்கண்ணில் தெரிந்தது. எனக்கு அதெல்லாம் எதற்கு? தறி மிதிக்க வேண்டும், நாரை வர வேண்டும்!

அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். என் கை நுழைந்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

இடுப்பில் சொருகுகிற முனையிலிருந்து நெய்யத் தொடங்கினோம். ஒரு பக்கம் அவர், எதிர்க் கரைக்கு நாடா வாங்கிப் போட நான். எங்கள் தறியில் சேலையின் நல்ல முகம் கீழே பார்த்திருக்கும். உருவம் எப்படி வருகிறது என்று தெரிய, அடியில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். முதல் நாரை முடிந்ததும் கண்ணாடியைப் பிடித்தேன். அலை, கால், உடம்பு, அலகு! நான் போட்ட சத்தத்தில் அக்கா கையில் கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். நான் நாரையைப் பார்த்தேன். கழுத்தைப் பார்க்கவில்லை. சந்தோஷத்துக்குக் கண் பத்தாது.

நாளுக்கு ஒரு முழம். மூன்றாம் நாள் சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. அக்கா கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தவள் கேட்டாள்:

"ஏம்மா, எல்லா கொக்குக்கும் கழுத்துல ஒரு கயிறு கட்டியிருக்கியே, தாலியா?"

"இன்னா கயிறு?"

"குறுக்கால ஒரு கோடு ஓடுது பாரு."

வாங்கிப் பார்த்தேன். கழுத்து வர வேண்டிய ஒரு வரியில் சரிகையே இல்லை. ஒரு நூல் அகலத்துக்கு வெறும் பட்டு. அது கயிறு இல்லை, தாலியும் இல்லை. ஒவ்வொரு நாரைக்கும் கழுத்து அறுந்திருந்தது. எண்ணினேன். கரையில் இருபத்திரண்டு நாரை. இருபத்திரண்டும் அப்படித்தான். கல்யாணச் சேலையில் கழுத்து அறுந்த பறவை! எந்தத் தாய் தன் பெண்ணுக்கு அதைக் கட்டிவிடுவாள்?

பிறகு என்ன, தெரு பூராவும் கேட்டது. நாடாவைச் சொன்னேன், சரிகையைச் சொன்னேன், பெட்டியில் இழை தூக்குகிற கொக்கி தேய்ந்திருக்கிறது என்றேன், நீங்கள் மிதித்ததில் கோளாறு என்றேன். அவர் பெட்டிக்கு மேலே ஏறிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"கொக்கி நல்லாத்தான் இருக்குது."

"அப்போ நான் குத்தினது தப்புன்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"சொல்லாம சொல்றீங்க!"

இன்னும் என்னென்னவோ சொல்ல வாய் வந்தது. எனக்கே பயமாகிவிட்டது. எழுந்து சுவர்ப் பக்கம் போனேன். தண்ணீர் அட்டையைப் பார்த்தாவது நிதானத்துக்கு வரலாம் என்றுதான். பார்த்தேன். தண்ணீர் அட்டை இருந்தது. சாப்பாட்டு அட்டை இருந்தது. ஐந்தாவது ஆணியில் தொங்கிய அட்டையில் ஓர் எழுத்தும் இல்லை. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு மட்டும் இருந்தது.

திருப்பிப் பார்த்தேன். 47. சரியான நாற்பத்தேழு!

மூன்று நாள் அந்தச் சுவரைத் தாண்டித்தான் அடுப்படிக்கும் தறிக்கும் நடந்திருக்கிறேன். நாளுக்கு நாற்பது தடவை. ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. எழுதி மாட்டியாயிற்று, அது அங்கே இருக்கிறது, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். "இன்னொரு தரம் பார்" என்று எழுதியவளே பார்க்கவில்லை. எழுதிய அந்த அட்டை மேலே பெட்டியில் சுற்றிச் சுற்றி ஒவ்வொரு நாரையின் கழுத்தையும் அறுத்துக்கொண்டிருந்தது.

"இந்த அட்டைங்களை யாரு ஆணியில இருந்து எடுத்தது?" என்று கத்தினேன்.

"நான்தான். ஆயுத பூஜைக்கு எடுத்தேன்."

"இதை எதுக்கு எடுத்தீங்க? இது இன்னா நாடாவா, கத்தரியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீ காலைல எழுந்து இதைப் பாத்துட்டுத்தானே வேலைக்கு உக்கார்றே. அப்போ இதுவும் உன் ஆயுதம்தானேன்னு நெனச்சேன். அதான் குங்குமம் வெச்சி, அதையும் படைச்சேன்."

மூன்று வருடமாக ஒரு வார்த்தை சொல்லாத மனிதர் என் அட்டைத் துண்டுகளைச் சாமி முன்னால் வைத்திருக்கிறார்! நானோ அவரைக் கொக்கி, மிதி, சரிகை என்று வாட்டி எடுத்திருக்கிறேன். எண்ணைப் பார்த்து அடுக்கியது நான். கோத்தது நான். வரைந்த தாளோடு ஒத்துப் பார்க்காமல் ஏற்றச் சொன்னது நான். போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இன்னொரு டம்ளர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தேன். "நான்தாங்க தப்பு பண்ணேன்" என்றேன். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "முதல்ல அட்டையை மாத்து" என்றார்.

பத்தே நிமிடத்தில் மாற்றிவிட்டேன். ஆனால் நெய்த மூன்று முழத்தை என்ன செய்வது? பிரித்தால் சரிகை முறுக்கு விட்டுவிடும், நீளவாக்கில் ஓடும் பாவு இழை அறுந்துவிடும். புதிதாகத் தொடங்கினால் சங்கத்தில் சொன்ன நாளுக்கு முடியாது. மேலே நெய்துகொண்டு போவது ஒன்றுதான் வழி. அக்கா ஒரு யோசனை சொன்னாள். பொம்பளை மூளை!

"இதுக்குப் போயி ஏன் அழுவுறே? சொருவுற பக்கம்தானே, மூணு முழம்தானே. கட்டும்போது ஒரு சுத்து சுத்தினா உள்ள போயிடும். கட்டினவளுக்கே தெரியாது, பாக்கறவங்களுக்கா தெரியப் போவுது?"

உண்மைதான். அது உண்மையாக இருந்ததுதான் என்னைப் படுத்தியது. மீதி ஒன்பது நாளும் அதே நினைப்பு. புது நாரைகள் ஒவ்வொன்றும் கழுத்தை நீட்டிக்கொண்டு அத்தனை கம்பீரமாக வந்தன. குழியில் மழை ஈரம் ஏறி, தணல் சட்டி வைத்துப் பாவைக் காயவைத்துக்கொண்டே நெய்தோம். முந்தி முடிந்து சேலையை அறுத்தெடுத்தபோது நான் குழந்தை மாதிரி குதித்தேன். எத்தனை அழகு! அந்த மூன்று முழத்தை மட்டும் மடிப்பின் அடியில் வைத்தேன். வைத்தது நான்தான், வேறு யாரும் இல்லை.

சங்கத்தில் செயலாளர் முந்தியிலிருந்து பிரித்தார். ஒரு முழம், இரண்டு முழம், ஐந்து முழம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாரைன்னு சொன்னப்போ நானும் சிரிச்சேம்மா. இப்ப பாத்தா நிஜமாவே நின்னுக்கினு இருக்குதே! யாரு குத்தினா, நீயா?"

"நாந்தாங்க."

"கழுத்து பாரு, இன்னா வளைவு!" அவர் கழுத்து என்றதும் நான் மடிப்பின் அடியைப் பார்த்தேன். பாதிச் சேலையோடு நிறுத்தி மடித்து வைத்தார். "பாஸு. திங்கக்கிழமை வந்துடு."

திங்கட்கிழமை! ஜன்னலோரம்! காலுக்குக் கீழே தரையே இல்லை எனக்கு. கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் முடிந்தது கதை. என் கணவர் வாசலில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பெண் இதைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காருவாள். அவள் இடுப்பைச் சுற்றி, அவளுக்கே தெரியாமல், கழுத்து அறுந்த இருபத்திரண்டு நாரை. தெரிந்தே அதை அனுப்பிவிட்டு, அந்த நாற்காலியில் நான் எந்த முகத்தோடு உட்காருவது?

வாயைத் திறந்து திறந்தே கெட்டுப் போனவள் நான். வாயைத் திறப்பது இத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஐயா, ஒரு டம்ளர் தண்ணி கெடைக்குங்களா?"

மூலையில் பானையைக் காட்டினார். மொண்டு குடித்தேன். திரும்பி வந்து சேலையின் மறுமுனையை எடுத்து அவர் மேஜைமேல் விரித்தேன்.

"இந்த மூணு முழத்தையும் பாருங்க. நாப்பத்தேழாவது அட்டை தப்பு. தப்பான அட்டையைக் கோத்தது நான்தான். ஏத்தறதுக்கு முன்னாடி தாளோட ஒத்துப் பாக்கல." டிசைன் பார்க்கக் கொண்டுவந்திருந்த அட்டைக் கட்டிலிருந்து இரண்டு நாற்பத்தேழையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கெட்டதும் நல்லதும், இரண்டிலும் குங்குமம்.

அவர் சேலையைப் பார்த்தார். அட்டையைத் திருப்பினார். பின்னால் எழுதியிருந்ததைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார். அவர் உதடு ஓரத்தில் என்னவோ ஓடியது. சிரிப்பா, எரிச்சலா என்று புரியவில்லை.

"சேலை பாஸ் இல்ல" என்றார்.

"சரிங்க."

"அட்டை குத்தற எடமும் இப்ப இல்ல. கொறை இருந்தா கேக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சரிங்க." சேலையைச் சுருட்டத் தொடங்கினேன். கண்ணீர் முட்டியது. அதைவிட அதிகமாகக் கோபம் முட்டியது, என்மேலேயே.

"எங்க போறே? நான் முடிக்கலியே. இந்த ரூம்ல அஞ்சி பேரு அட்டை குத்தறாங்க. கோத்ததுக்கு அப்புறம் ஒருத்தனும் திரும்பிப் பாக்கறது இல்ல. தறியில ஏறி, ரெண்டு சேலை கெட்ட பொறவுதான் எனக்கு சேதி வருது. நீ திங்கக்கிழமை வந்து, கோத்த அட்டையை எல்லாம் தாளோட ஒத்துப் பாரு. நீ சரின்னு சொன்னாத்தான் எதுவும் வெளிய போவும்." அட்டையை என் கையில் வைத்தார். "இதையும் எடுத்துக்கினு வா."

வாசலுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. என் கணவர் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன், நடுத்தெருவில்! அவர் கூச்சத்தில் நெளிந்தார். பட்டுக்கும் சரிகைக்குமான பணம் எங்கள் தலையில்தான் விழுந்தது. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அந்தத் தீபாவளிக்கு அந்தச் சேலையை நானே கட்டினேன். அக்கா சொன்னது சரிதான். மூன்று முழமும் உள்ளே போய்விட்டது. பார்த்தவர்கள் எல்லாம் நாரை, நாரை என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருத்தியிடமும் உள்சுற்றை இழுத்துக் காட்டி, கழுத்து அறுந்த கதையைச் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போது தப்பான நாற்பத்தேழை எடுத்து மடியில் வைத்தேன். என் கணவர் தறியிலிருந்து எழுந்து வந்தார். "குடு" என்று வாங்கி, குங்குமச் சிமிழில் விரலைத் தொட்டு, பழைய பொட்டு மங்கியிருந்த இடத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தார்.

"இன்னாங்க, இன்னிக்கு இன்னா பூஜை?"

"ஆயுதம் வேலைக்குப் போவுதில்ல" என்றார்.

சங்கத்தில் எனக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலியும் ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். போதும்! சுவரில் ஆணி அடித்து அட்டையை மாட்டினேன். ஐந்து பேரும் குத்துவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நூலில் கோத்த முதல் அட்டைக் கோவை என் முன்னால் வந்தது. மாங்காய்க் கரை, நூற்று இருபது அட்டை. தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தேன். கடைசி அட்டை வரைக்கும் எல்லாம் சரி. அந்த அறையில் என் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை "சரி"யாக இருக்கப் போகிறது என்ற சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன்.

எழுந்த இடத்தில் கண் சுவருக்குப் போனது. இந்தத் தடவை படித்தேன்.

மறுபடி உட்கார்ந்தேன். ஒன்றிலிருந்து விரல் வைத்து வந்தேன். எழுபத்தொன்றாவது அட்டை முன்பின்னாகத் திரும்பியிருந்தது.

"அண்ணே!" என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.